வெறும் வயிற்று ரத்தம்

ஜெயசித்ராவின் அப்பா சுப்ரமணி வாழ்நாளில் ஐம்பது கிலோவைத் தாண்டியதே இல்லை. பாகூர் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தகர டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். சாரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, சைக்கிளிலேயே வேலைக்குப் போய் வந்தார். 1991இல், முப்பத்தெட்டாவது வயதில், அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தபோது கம்பெனி டாக்டரே நம்பவில்லை.

"இவ்ளோ ஒல்லியா இருக்கறவனுக்கு சக்கர எங்கேர்ந்து வரும்?" என்று மூன்று முறை ரத்தம் எடுக்க வைத்தார். மூன்று முறையும் இருந்தது.

அக்கம்பக்கத்தில் அவர் யாருக்கும் தெரியாமல் இனிப்பு தின்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய தம்பிகளும் அதையே நம்பினார்கள். அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஜெயசித்ராவுக்கு அப்பா எதையும் ஒளித்துத் தின்னவில்லை என்பது நன்றாகத் தெரியும். ஆனால் அதை யாரிடம் எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டு அவர் இறந்தபோது மகள் சென்னையில் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். நான் ஹரிகிருஷ்ணன். புதுச்சேரியில் அவர் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் புள்ளிவிவரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அவருடைய எல்லா ஆய்வுகளுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவன். அவர் செய்த பெரிய தவறிலும் எனக்குப் பங்கு உண்டு. அதனால் இதை எழுதும் உரிமையும் கடமையும் எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

முனைவர் பட்டம் முடித்து, வெளிநாட்டில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, 2007இல் அவர் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தார். எங்கள் துறைத் தலைவர் தேவதாஸ் அப்போது உடல்பருமன் ஆய்வுக்காக ஒரு கூடம் அமைத்திருந்தார். வரிசை வரிசையாகக் கூண்டுகள். கூண்டுக்கு நான்கு எலிகள். அவற்றுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் கலந்த தீனி போட்டுக் குண்டாக்கி, உடம்பு அந்தக் கொழுப்பை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். ஜெயசித்ரா அதில் கெட்டிக்காரர். எலியின் ஈரலை எடுத்து மெல்லிய சீவல்களாகச் சீவும்போது அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒல்லியான மனிதர்களிடம்தான் போய் முடியும்.

"கொழுப்பு எவ்வளவு இருக்குதுங்கறது முக்கியம் இல்ல ஹரி சார், எங்க இருக்குதுங்கறதுதான்" என்பார். தோலுக்கடியில் தங்கினால் தொந்தரவு குறைவு. அதே கொழுப்பு ஈரலிலும் குடலைச் சுற்றியும் போய் உட்கார்ந்துகொண்டால், பார்ப்பதற்கு ஆள் குச்சி மாதிரி இருப்பார். உள்ளே உடம்பு குண்டு மனிதரின் உடம்பு மாதிரி திணறும். நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்களைத் தராசில் நிறுத்திக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தத்தில் ஏதாவது ஒரு அடையாளம் கிடைத்தால், சர்க்கரை வருவதற்குப் பத்து வருடம் முன்னாலேயே சொல்லிவிடலாம். அந்த அடையாளத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆசை.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் மூன்று மீனவர் ஊர்களில் 2008இல் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. உழைக்கும் சனம், மீன் சாப்பிடும் சனம், பெரும்பாலோர் ஒல்லி. அப்படியும் எதிர்பார்த்ததைவிட நிறையப் பேருக்குச் சர்க்கரை இருந்தது. ஜெயசித்ரா அந்தக் கணக்கைப் பார்த்ததும் எலிக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த வருடம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆய்வு தொடங்கியது. அரியாங்குப்பத்திலிருந்து வந்த துர்கா என்ற செவிலியர் வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் வேனில் போய், ஊர்ப் பொதுக்கூடத்தில் மேசை போட்டு ரத்தம் எடுத்து வருவார். எல்லாம் வெறும் வயிற்று ரத்தம். முந்தின ராத்திரிக்குப் பிறகு எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு படிவம் இருந்தது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான்.

அந்த ரத்தத்தை இயந்திரத்தில் போட்டால் அதில் இருக்கும் கொழுப்பு வகைகள் காகிதத்தில் சிகரம் சிகரமாக வந்து விழும். பதினேழாவது சிகரம் ஒரு கொழுப்பு. பெயர் வாயில் நுழையாது என்பதால் நாங்கள் அதைப் 'பதினேழாம் நம்பர்' என்றே சொல்வோம். மீன் விற்கும் பெண்களிடம் அது அதிகமாக இருந்தது. அது அதிகமாக இருந்தவர்களுக்குச் சர்க்கரையும் அதிகமாக இருந்தது. நான் எத்தனை விதமாகக் கணக்குப் போட்டாலும் அந்த உறவு அசையவில்லை. 2014இல் கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன, மாநாடுகளுக்கு அழைத்தார்கள், டில்லியிலிருந்து ஐந்து வருடத்துக்கு நிதி கிடைத்தது. தேவதாஸ் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஜெயசித்ரா தனியாக நடந்து போனதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

2017 பிப்ரவரியில் துர்காவுக்கு வீட்டில் கல்யாண வேலை, பத்து நாள் லீவு. ஆள் இல்லாததால் ஜெயசித்ராவே ரத்தம் எடுக்கக் கிளம்பினார். படிவம் நிரப்ப என்னையும் கூட்டிப்போனார். அதுவரை அந்த ஊர்க்காரர்களை நான் எண்களாக மட்டும்தான் பார்த்திருந்தேன்.

காலை ஆறரை மணி. முதலில் வந்து உட்கார்ந்தவர் சுலோசனா என்ற மீன்காரப் பெண். ஐம்பது வயதிருக்கும். நாற்பத்தைந்து கிலோ. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, ஊருக்குத் திரும்பி, எட்டு மணிக்குத் தெருத்தெருவாக விற்கப் போகிறவர்.

"சாப்ட்டீங்களாக்கா?" என்று ஜெயசித்ரா கேட்டார்.

"இல்ல டாக்டரம்மா. வெறும் வயிறுதான்."

நான் படிவத்தில் 'இல்லை' என்று குறித்தேன். ஜெயசித்ரா அவர் கையில் ரப்பரைக் கட்டினார். கட்டியவர் ஊசியை எடுக்காமல் சுலோசனாவின் முந்தானையையே பார்த்தார். அதில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது இன்னாக்கா?"

"பொறை. டீல தொட்டுக்கறதுதான்" என்று சுலோசனா தட்டிவிட்டார்.

"டீ குடிச்சீங்களா?"

"டீ குடிக்காம எப்படி? ரெண்டரை மணிக்கு எழுந்து ஆர்பருக்குப் போறேன். ஏலம் முடிஞ்சி வண்டி ஏறறதுக்குள்ள ஒரு டீயாச்சும் குடிக்கலன்னா கண்ணு இருட்டிக்கும்."

"சக்கர போட்டா?"

"பின்ன?"

"சாப்ட்டீங்களான்னு கேட்டனேக்கா. இல்லன்னீங்களே."

சுலோசனாவுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "டீ குடிச்சா சாப்ட்டதா ஆயிடுமா? சாப்பாடுன்னா சாப்பாடு. டீ டீதான். இத்தன வருஷமா துர்கா பொண்ணும் இதத்தான் கேக்குது, நானும் இதத்தான் சொல்றேன்."

ஜெயசித்ரா ரப்பரை அவிழ்த்துவிட்டார். வரிசையில் இருந்த மற்றவர்களிடம் போய் ஒவ்வொருவராகக் கேட்டார். அன்றைக்கு வந்திருந்த பதினான்கு பெண்களில் பதினொரு பேர் டீ குடித்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் இரண்டு டீ. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. நம் வீட்டிலும் அப்படித்தானே? டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். படிவத்தில் அந்தக் கேள்வியை எழுதியபோது எனக்கே அது தோன்றவில்லை. ஆறுமணி டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்துதான் அதை எழுதினேன்.

யாரிடமும் ரத்தம் எடுக்காமல் திரும்பினோம். தவளக்குப்பம் சந்திப்பில் பஸ்களுக்கு நடுவே வேன் மாட்டிக்கொண்டு நின்றது. ஜெயசித்ரா சொன்னார்:

"ஏழு வருஷமா நாம யாருகிட்டயும் டீ குடிச்சீங்களான்னு கேக்கவே இல்ல சார்."

"ஃபாரம் தயார் பண்ணது நான்தான் மேடம்."

"பாத்துக் கையெழுத்துப் போட்டது நான்."

டீ குடித்தால் சர்க்கரை ஏறும், அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பதினேழாம் நம்பர்? அதற்கும் டீக்கும் சம்பந்தம் இல்லை என்றால் கட்டுரை ஒருவேளை பிழைத்துக்கொள்ளும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை நானும் அவரும் உண்மையிலேயே வெறும் வயிற்றோடு ஆய்வகத்துக்கு வந்தோம். லீவு முடிந்து வந்திருந்த துர்கா எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார். பிறகு எதிர்க் கடையிலிருந்து ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பொறையும் வரவழைத்தோம். அதன்பின் அரைமணிக்கு ஒரு தடவை ரத்தம். துர்காவின் கண் சிவந்திருந்தது.

"நான் ஒழுங்காத்தான் கேட்டேன் மேடம். ஒருத்தரையும் விட்டதில்ல."

"நீங்க ஒழுங்காத்தான் கேட்டீங்க துர்கா. கேள்விதான் தப்பு."

மறுநாள் மதியம் இயந்திரத்திலிருந்து காகிதங்கள் வந்தன. டீ குடிப்பதற்கு முன்பு எடுத்த ரத்தத்தில் பதினேழாவது இடம் கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தது. அரைமணியில் மெல்ல எழுந்தது. ஒரு மணி நேரத்தில் என் ரத்தத்திலும் அவர் ரத்தத்திலும் கோபுரம்போல நின்றது. அது நோயின் அடையாளம் இல்லை. டீயில் இருந்த பாலிலிருந்து வந்த கொழுப்பு. சர்க்கரையும் டீயிலிருந்து வந்தது, பதினேழாம் நம்பரும் டீயிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே கிளாஸிலிருந்து வந்தால் சேர்ந்து ஏறாமல் என்ன செய்யும்?

ஜெயசித்ரா தன் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு சக்கரையே இல்ல சார். ஆனா என் ரத்தத்துலயும் இருக்குது பாருங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

தேவதாஸ் கெட்டவர் இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழைய புதுச்சேரிக் குடும்பம், யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதப் பாரும்மா, அடுத்த கட்டுரையில 'இந்த ஆய்வின் குறைபாடுகள்'னு ஒரு பகுதி வரும் இல்லையா, அங்க ஒரு வரி போட்டுடு. எல்லா ஆய்வுலயும் குறை இருக்கும். போன்" என்றார். 'போன்' என்றால் பிரெஞ்சில் 'சரி'; ஒரு பேச்சை முடித்துவைக்க அவர் சொல்லும் சொல் அது. அதைச் சொன்னால் எல்லோரும் எழுந்துவிடுவோம்.

ஜெயசித்ரா எழவில்லை.

"கட்டுர மட்டும்னா பரவால்ல சார். அம்பத்தெட்டு பேருக்கு சீட்டு குடுத்திருக்கோம்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இருந்தவர்களுக்கு, மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு சீட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். முன்பு நோய் இல்லாத ஐம்பத்தெட்டுப் பேருக்கு அந்தச் சீட்டு போயிருந்தது. அவர்கள் அதை எடுத்துக்கொண்டு அங்கங்கே டாக்டர்களிடம் போயிருக்கிறார்கள். அங்கேயும் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் டீ குடித்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். எங்களிடம் அன்றைக்கு அதற்கு வசதி இல்லை. அதற்குப் போதுமான நிதியைக் கேட்டு எழுதவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் பதினைந்தாம் தேதி தொடங்கும். அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏலம் இல்லை; பெண்கள் இரண்டரை மணிக்கு எழ வேண்டியதில்லை. அந்த வருடத் தடைக்காலம் முழுவதும் நாங்கள் அந்த மூன்று ஊர்களில்தான் இருந்தோம். புதுப் படிவத்தில் டீ, காபி, கஞ்சித்தண்ணி, வெற்றிலை பாக்கு, மாத்திரை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வி. எதையாவது விட்டுவிட்டோமா என்று சுலோசனாவிடம் படித்துக் காட்டினோம். "சோடா?" என்றார் அவர். அதையும் சேர்த்தோம்.

ஐம்பத்தெட்டுப் பேரில் ஐம்பத்தொரு பேர், தடைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும், மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு பேருக்கு உண்மையிலேயே சர்க்கரை இருந்தது. பத்தொன்பது பேருக்கு இல்லை. அந்தப் பத்தொன்பதில் பன்னிரண்டு பேர் மாத்திரை தின்றுகொண்டிருந்தார்கள். மாத்திரையால்தான் குறைந்திருக்கிறதோ என்று பார்ப்பதற்காக, ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் காத்திருந்தோம். பத்துப் பேருக்கு ஏறவே இல்லை. பதினேழாம் நம்பர் எல்லோருடைய ரத்தத்திலும் தட்டையாகவே கிடந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஜெயசித்ரா இதழுக்குக் கடிதம் எழுதினார். அரைப் பக்கக் கடிதம். 'பங்கேற்றவர்கள் எங்கள் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். நாங்கள் சரியாகக் கேட்கவில்லை' என்று அதில் ஒரு வரி. தேவதாஸ் இரண்டு வாரம் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். ஒருநாள் காலையில் அவரே எங்கள் அறைக்கு வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பத்துப் பேரிடமும் தானே நேரில் போய்ச் சொல்லப்போவதாக ஜெயசித்ரா சொன்னார். தபாலில் அனுப்பலாமே என்றேன். "அவங்க வீட்டுக்குப் போயிதானே சார் ரத்தம் கேட்டோம்" என்றார்.

ஒன்பது பேர் ஒன்பது விதமாக இருந்தார்கள். ஒருவர் சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் நம்பாமல் மாத்திரையைத் தொடர்ந்து போடப்போவதாகச் சொன்னார், அவரை மறுபடி மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பத்தாவது வீடு தனத்தின் வீடு.

தனத்துக்கு நாற்பத்தாறு வயது. வாசலில் உட்கார்ந்து இடது கையால் நெத்திலிக் கருவாட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு வளைந்து இருந்தது. ஜெயசித்ரா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். தனம் கருவாட்டைப் பிரிப்பதை நிறுத்தினார்.

"அப்ப எனக்கு சக்கரையே இல்ல?"

"இல்லக்கா. அப்பவும் இருந்திருக்காது. நாங்க தப்பா எழுதிக் குடுத்துட்டோம்."

"மூணு வருசம். எம்பொண்ணு கல்யாணத்துல ஒரு ஜாங்கிரி வாயில வெக்கல நான். சம்பந்தி வீட்ல கேக்கறாங்க, வேணாம் வேணாம்னு கையக் கையக் காட்டினு நின்னேன்." பிறகு அந்த வலது கையை நீட்டிக் காட்டினார். "மாத்திரையப் போட்டுக்கினு கூடையத் தூக்கினு போனேன். தவளக்குப்பம் மார்க்கெட்டுல தலைய சுத்தி வுழுந்தேன். இது திரும்பாது. கூடையப் புடிச்சி எறக்க முடியாது."

சர்க்கரை இல்லாத உடம்பில் அந்த மாத்திரை இருந்த சர்க்கரையையும் இறக்கியிருக்கிறது. இது நடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது. எங்கள் படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

ஜெயசித்ராவைப் பார்த்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. தனமே பேசினார்.

"வந்து சொன்ன பாரு, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. வராமகூட இருந்திருக்கலாம் நீ. ஆனா இனிமே ரத்தம் குடுன்னு இந்த வாசலுக்கு வராத."

"வர மாட்டேன்க்கா."

அந்தக் கைக்காக மட்டும் ஜெயசித்ரா வந்தார். எலும்பு மருத்துவரிடமும் பிறகு இயன்முறைப் பயிற்சிக்கும் தனத்தை வாரம் இரண்டு நாள், எட்டு மாதம், தானே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டார். கை பாதி திரும்பியது. கூடை தூக்கும் அளவுக்குத் திரும்பவில்லை. தனம் கருவாட்டு வியாபாரத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த எட்டு மாதமும் வண்டியில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசமாட்டாங்க சார். நானும் பேசமாட்டேன்" என்றார். ஆய்வினால் விளைந்த தீங்குகள் என்ற தலைப்பில் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதி, தனம் விழுந்ததை அவரே முதலாவதாக அதில் பதிவு செய்தார். அப்படி ஓர் அறிக்கையை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

இதற்கெல்லாம் விலை இருந்தது. டில்லி நிதி மூன்றாம் வருடத்தோடு நின்றது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நான்கு வருடம் தள்ளிப்போனது. மாநாட்டு அழைப்புகள் நின்றன. எங்கள் நிறுவனத் தாழ்வாரத்திலேயே சிலர் அவரை 'டீ மேடம்' என்றார்கள். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. ஒரு வருடம் அவர் பழையபடி எலிக்கூடத்தில் உட்கார்ந்து ஈரல் சீவிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டில் ஒல்லி மனிதர்களைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார். அந்த வருடத்தில்தான் அவருடைய அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னார். "அவரு ஒளிச்சித் தின்னலன்னு காட்டணும்னுதான் சார் இந்தப் படிப்புக்கே வந்தேன். நானே இப்ப ஒரு பத்துப் பேர திங்கவிடாம பண்ணிட்டேன்" என்றார்.

மறுபடியும் அவரை அந்த ஊர்களுக்கு இழுத்தது எங்கள் தடைக்காலக் கணக்கில் கிடந்த ஒரு சின்ன விஷயம். உண்மையிலேயே சர்க்கரை இருந்த முப்பத்திரண்டு பேரில் மீன் விற்கும் பெண்களுக்கு, தடைக்காலம் தொடங்கியபோது இருந்ததைவிட முடியும்போது சர்க்கரை குறைந்திருந்தது. எடை குறையவில்லை. நான் அதைத் தற்செயல் என்று ஒதுக்கியிருந்தேன். 2018 இறுதியில் ஒருநாள் பழைய தாள்களோடு வந்து என் மேசையில் போட்டார்.

"தடைக்காலத்துல அவங்க இன்னா மாத்தறாங்க சார்?"

"மீன் கொஞ்சமாத்தான் கெடைக்கும். சாப்பாடு மாறும்."

"அது இருக்கலாம். இன்னொண்ணும் இருக்கலாம். தூங்கறாங்க."

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. பெரிய நிதி கேட்கவில்லை. கேட்டாலும் கிடைத்திருக்காது. நூற்று முப்பத்தெட்டுப் பெண்கள், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் தூக்கம் அளக்கும் கருவி இருபது, அதை மாற்றி மாற்றிக் கட்டினோம். படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் முதலில் சுலோசனாவும் இன்னும் மூன்று பெண்களும் கேட்டு, அவர்களுக்கு அது என்னவாகப் புரிகிறது என்று சொன்ன பிறகுதான் அச்சிட்டோம். கொரோனா வந்த வருடம் ஒன்றும் செய்ய முடியவில்லை. மற்ற நான்கு தடைக்காலங்களிலும் ஒரே மாதிரி வந்தது: அந்த இரண்டு மாதமும் அவர்கள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள், பலருக்குச் சர்க்கரை இறங்கியது, செப்டம்பருக்குள் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. சாப்பாட்டு மாற்றமும் கூடவே இருந்ததால், தூக்கம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கட்டுரையில் அவர் அப்படியே எழுதினார். ஒரு சின்ன இதழில் வந்தது. யாரும் கேக் வாங்கவில்லை.

ஆனால் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே முடிவுகளை அந்தப் பெண்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று பொதுக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார். 2023 செப்டம்பர் கடைசி. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். தனம் வரவில்லை. ஜெயசித்ரா படங்கள் எதுவும் காட்டாமல் பேசினார். குறைந்த தூக்கம் உடம்பில் சர்க்கரையை எப்படித் தங்கவைக்கக்கூடும் என்று சொன்னார். எது உறுதியாகத் தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொன்னார். முடித்ததும் சுலோசனா எழுந்தார்.

"எல்லாம் சரி டாக்டரம்மா. ஏலம் மூணரை மணிக்கு. அத நீயும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது. அப்ப நாங்க எப்பத்தான் தூங்கறது?"

கூடம் சிரித்தது. ஜெயசித்ரா சிரிக்கவில்லை. "தெரியலக்கா" என்றார். அந்தச் சொல்லை ஒரு விஞ்ஞானி மைக்கில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அதற்கு விடையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண்களே ஒன்றைச் செய்து பார்த்தார்கள். கூட்டம் கலைந்தும் போகாமல் ஏழெட்டுப் பேர் அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். இன்னும் சிலரைச் சேர்த்துப் பதினொரு பேர் ஒரு குழு. ஒரு நாளைக்கு நான்கு பேர் மட்டும் ஏலத்துக்குப் போவது, மற்றவர்களுக்கும் சேர்த்து எடுத்துவருவது, முறை வைத்து மாற்றிக்கொள்வது. முதல் முறை இரண்டு வாரத்தில் சண்டையில் முடிந்தது. போனவர்கள் நல்ல மீனைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்களாம். ஊருக்கு வந்ததும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது என்று இரண்டாம் முறை தொடங்கினார்கள். மழைக்காலத்தில் அதுவும் நின்றது. பொங்கலுக்குப் பிறகு மூன்றாம் முறை தொடங்கியபோது நான்கு பேர் விலகிவிட்டார்கள். மிச்சம் ஏழு பேர். அந்த ஏழு பேரோடு அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு நாளைக்கு மூன்று பேர் போவதால், வாரத்தில் நான்கு நாள் ஒவ்வொருவரும் ஐந்து மணி வரை தூங்குகிறார்கள்.

ஜெயசித்ரா அவர்களுடைய தூக்கத்தையும் சர்க்கரையையும் அளந்துகொண்டிருக்கிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும், போன மாதம் சாரத்தில் என் வீட்டுக்கே தாள்களோடு வந்துவிட்டார். தலை பாதி நரைத்திருந்தது. தாள்களைப் புரட்டிப் பார்த்தேன்.

"ஏழு பேர வெச்சி இன்னா மேடம் கணக்குப் போடறது?"

"ஒண்ணும் போட முடியாது சார். எனக்கும் தெரியும்" என்றார். "ஆனா ஏழு பேரு தூங்கறாங்க இல்ல?"

பக்கத்து ஊரில் ஒன்பது பேர் சேர முன்வந்திருக்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களைப் பார்க்கப் போகிறார். வேனில் எனக்கும் இடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்; வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.